கராச்சியிலிருந்து வந்த தபால் மூட்டை

சீமைக்குக் கல்வி கற்கச் சென்ற மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலிற் சேர்த்துவிட்டு, மறுமொழிக்கு ஒன்றரை மாதம் காத்திருந்த பெற்றோர் ஒரு காலத்தில் நம் நாட்டில் இருந்தனர். கப்பலிற் சென்ற கடிதம் இலண்டனை அடைய மூன்று வாரம். மகன் அன்றைக்கே பதில் எழுதினாலும் அது கொழும்புக்கு வந்துசேர இன்னும் மூன்று வாரம். கைத்தொலைபேசியிற் கணப்பொழுதில் முகம் பார்த்துப் பேசும் இன்றைய மாணவர்க்கு இது பாட்டி சொல்லும் கதையாகத் தோன்றலாம். அந்தக் காத்திருப்பைச் சுருக்கியவர்களுள் முக்கியமானவர்கள் இருவர். அவர்களிடம் இருந்தவை இரண்டே இரண்டு சிறிய ஆகாய விமானங்கள். அவர்கள் தொடங்கிய கம்பனியின் வரலாற்றையே இவ்வாரம் நம் வாசகர்க்குச் சொல்ல விரும்புகிறோம்.

1929ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆந் திகதி, ‘இம்பீரியல் எயர்வேய்ஸ்’ என்னும் பிரித்தானிய விமானக் கம்பனி இலண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே வாரம் ஒருமுறை விமானத் தபால் சேவையைத் தொடங்கியது. வழியில் ஐரோப்பாவிற் சிறிது தூரம் தபால் மூட்டைகள் புகையிரதத்திற் போகவேண்டியிருந்தது. அப்படியிருந்தும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் இலண்டன் கடிதம் கராச்சியை அடைந்துவிடும். அதற்கு அப்பாலோ? பம்பாய் வர்த்தகருக்கும் சென்னை வக்கீலுக்கும் உரிய கடிதங்கள் பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு வரும் புகையிரதத்தில் ஏறவேண்டும். ஆகாயத்திற் பெற்ற நேரத்தைத் தரையில் இழப்பதே பலனாயிற்று. பெரிய குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் வெட்டாத வயலுக்குப் பயனில்லை அல்லவா? அந்த வாய்க்காலை வெட்ட முன்வந்தவர் நெவில் வின்சென்ற் என்பவர்.

வின்சென்ற் பிரித்தானிய விமானப் படையிற் சேவை செய்து வீரப் பதக்கம் பெற்றவர். படையை விட்டு விலகிய பின், நண்பர் ஒருவருடன் போர்க்காலத்து விமானங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராகச் சென்று, கட்டணம் பெற்று மக்களை விமானத்தில் ஏற்றி வேடிக்கை காட்டிவந்தார். அப்படிச் சுற்றிய வேளையிலேதான் இந்நாட்டின் தூரங்களும் காலநிலையும் இறங்குவதற்கேற்ற வெளிகளும் அவருக்கு நன்கு பழக்கமாயின. கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் கொண்டுசெல்லலாம் என்ற எண்ணமும் அப்பொழுதே உதித்தது. எண்ணம் இருந்தது, பணம் இல்லை. பணமுள்ளவரைத் தேடி 1929இல் டாட்டா குடும்பத்தாரிடம் வந்தார்.

அங்கே அவர் கண்ட இளைஞரின் பெயர் ஜே. ஆர். டி. டாட்டா. 1904இற் பாரிஸ் நகரிற் பிறந்தவர். ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்திற் கடந்த பிளேரியோ என்னும் வீரருக்குப் பிரான்சின் கடற்கரையில் ஒரு வீடு இருந்தது. டாட்டா குடும்பத்தின் விடுமுறை வீடும் அவ்விடத்திலேயே இருந்தது. சிறுவயதில் அங்கே விமானங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறு எந்த ஆசை பிறக்கும்? 1929 பெப்ரவரி 10ஆந் திகதி இந்தியாவில் விமானம் ஓட்டும் அனுமதிப் பத்திரம் பெற்றார். அப்பத்திரத்தின் இலக்கம் ஒன்று.

அவருடைய குணத்தை அறிய ஒரு சம்பவம் போதும். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாக முதலிற் பறக்கும் இந்தியருக்கு 500 பவுண் பரிசளிப்பதாக ஆகாகான் அறிவித்திருந்தார். 1930இல் டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். அஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே பறந்துவந்தார். எகிப்து நாட்டிலே அபூக்கீர் என்னுமிடத்தில் டாட்டா இறங்கியபொழுது, இயந்திரத்திற்குத் தீப்பொறி தரும் ‘பிளக்’ இல்லாமல் அஸ்பி மேலே செல்ல வழியின்றி நின்றார். டாட்டா தம்மிடம் மேலதிகமாயிருந்தவற்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். அஸ்பி பறந்துபோய்ப் பரிசையும் வென்றுவிட்டார்! தோற்றவர் அதைப்பற்றி வருந்தியதாகத் தெரியவில்லை. வென்ற அஸ்பி பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைவரானார்.

வின்சென்றும் டாட்டாவும் உடனே ஒருமனப்பட்டனர். ஆனால் குடும்பத்தின் பெரியவரான சேர் டொராப்ஜி டாட்டாவுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. இரும்பு, மின்சாரம், பஞ்சாலை என்று பெருந்தொழில் நடத்துபவருக்கு ஆகாயத்தில் இரண்டு இலட்சம் ரூபாவை எறிவது விளையாட்டாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஜோன் பீற்றர்சன் என்னும் டைரக்டர் இளைஞர் பக்கம் நின்று பேசி அவரை இணங்கச் செய்தார். சம்மதித்த பெரியவர் 1932 யூன் மாதத்திற் காலமானார். தாம் அனுமதித்த விமானம் பறப்பதை அவர் காணவில்லை.

வீட்டிலே கிடைத்த சம்மதம் அரசாங்கத்திற் கிடைக்க மூன்று ஆண்டு சென்றது. நட்டத்தை ஈடுசெய்ய முதலில் உதவிப் பணம் கேட்டார்கள். உலகெங்கும் வர்த்தகம் படுத்துவிட்ட காலம். டெல்லிச் சர்க்கார் கையை விரித்தது. தொகையைக் குறைத்துக் கேட்டார்கள், அதற்கும் மறுப்பே. ஈற்றில் வின்சென்ற் துணிந்து ஒரு வார்த்தை சொன்னார்: உதவிப் பணம் ஒரு சதமும் வேண்டாம், கொண்டுசெல்லும் தபாலின் நிறைக்கு ஏற்பக் கூலி தந்தாற் போதும். தபால் இல்லாவிட்டால் வருமானமும் இல்லை. விமானம் பழுதானால் அந்த நட்டமும் கம்பனியினுடையதே. இவ்வளவு மலிவாக ஒரு சேவை கிடைக்கும்போது எந்த அரசாங்கந்தான் வேண்டாமென்று சொல்லும்? 1932 ஏப்ரலிற் பத்து வருட ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மற்றைய நாடுகளில் விமானக் கம்பனிகள் அரசாங்கத்தின் பாலைக் குடித்து வளர்ந்துகொண்டிருந்த அக்காலத்தில், இந்தப் பிள்ளை முதல்நாளே தன் சோற்றைத் தானே சமைக்கவேண்டியதாயிற்று.

கம்பனியின் சொத்து ‘புஸ் மொத்’ விமானங்கள் இரண்டு. மொத் என்றால் அந்துப்பூச்சி. அந்த விமானங்களைச் செய்த டி ஹவிலண்ட் என்பவர் பூச்சிகளைச் சேகரிப்பதில் ஆர்வமுள்ளவராதலால் தம் விமானங்களுக்குப் பூச்சிகளின் பெயரை வைத்தார். ஒரே இயந்திரம், ஓட்டுபவருக்கும் இன்னும் ஒருவர் இருவருக்குமே இடம், மரச் சட்டத்தின்மேற் துணி போர்த்திய சிறகுகள். வேகம் மணிக்கு நூறு மைல் அளவு. வானொலி கிடையாது, தரையிலே வழிகாட்டும் விளக்கோ காலநிலை சொல்வாரோ கிடையாது. திசையறி கருவியும் தேசப்படமும் கீழே தெரியும் புகையிரதப் பாதையுமே துணை. நம் மீனவர் கரையோரத்துப் பனைகளையும் கோயிற் கோபுரத்தையும் அடையாளம் வைத்துத் தோணி செலுத்துவது போன்ற ஒரு தொழில் என்று சொல்லலாம்.

செப்டெம்பரிலேயே சேவை தொடங்கவேண்டியது. பம்பாயின் ஜுஹு வெளி மழையிலே சேறாய்க் கிடந்ததால் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. 1932 ஒக்டோபர் 15ஆந் திகதி விடியற்காலை, கராச்சியின் டிரிக் றோட் விமானத் தளத்திலிருந்து 55 இறாத்தல் நிறையுள்ள தபாலுடன் ஜே. ஆர். டி. டாட்டா தாமே விமானத்தை ஓட்டிப் புறப்பட்டார். ஐம்பத்தைந்து இறாத்தல்! ஒரு மூட்டை அரிசியிற் பாதியளவுகூட வராது. அகமதாபாத்தில் இறங்கியபொழுது, விமானத்துக்கு வேண்டிய பெற்றோலை பேமா ஷெல் கம்பனியார் நான்கு கலன் தகரங்களில் அடைத்து மாட்டு வண்டியிற் கொண்டுவந்து சேர்த்தனர். காளைகள் இழுத்துவந்ததைக் குடித்துவிட்டு அந்த இயந்திரப் பறவை மீண்டும் எழுந்து, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன் ஜுஹுவில் வந்து இறங்கியது.

இந்தப் பாதி வழியையே ஏடுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மற்றப் பாதியும் உண்டு. ஜுஹுவிற் காத்திருந்த வின்சென்ற், சென்னைக்குரிய மூட்டையை இரண்டாவது விமானத்தில் ஏற்றிக்கொண்டு தக்காண மேட்டுநிலத்தின்மேற் பறந்தார். அன்றிரவு பல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். கராச்சியிலிருந்து ஏறக்குறைய 1,300 மைல். நம் நாட்டுக்கும் இதனாற் பயன் உண்டாயிற்று. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை புகையிரதம், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின்னரும் புகையிரதம் என்ற பழைய வழி இருக்கவே இருந்தது. சென்னைக்குத் தபால் விரைந்து வந்தால் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதனை விரைந்து அனுப்ப முடியும்.

அக்காலத்துக் கம்பனியின் நிலையை டாட்டா பிற்காலத்தில் நகைச்சுவையோடு விவரித்திருக்கிறார். ஜுஹு வெளி கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்துப் பெருக்கின்போது ஓடுபாதை கடல்மட்டத்துக்கும் கீழே போய்விடும். அப்பொழுது விமானங்கள், ஓட்டிகள், இயந்திர வேலைக்காரர் என்று முழுக் கம்பனியுமே மூட்டை கட்டிக்கொண்டு பூனா நகருக்குப் போய்விடும். அங்கே அவர்களுக்குக் கிடைத்த மைதானம் பெயர்பெற்ற எரவாடாச் சிறைச்சாலையின் நிழலில் இருந்தது. அதே சிறையிலே அந்த 1932ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி அடைபட்டிருந்தார் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

முதலாண்டுக் கணக்கைப் பாருங்கள். பறந்த தூரம் 1,60,000 மைல். ஏற்றிய தபால் ஏறக்குறைய 10 தொன். பிரயாணிகள் 155 பேர். இலாபம் 60,000 ரூபா. வாரத்துக்கு ஒருமுறை போய் ஒருமுறை வருவதென்றால் ஆண்டுக்கு நூற்று நான்கு பிரயாணம். ஒரு பிரயாணத்துக்கு ஒன்றரைப் பேர் வீதம் ஏறியிருக்கிறார்கள். தபால் மூட்டைகளோடு நெருக்கியடித்து இருந்துகொண்டு பறப்பதற்கு இந்த அளவு துணிந்தவர் இருந்ததே பெரிது. ஆனால் இந்தக் கணக்கில் நாம் பெரிதாக மதிப்பது இலாபத்தையன்று. மழையென்றும் காற்றென்றும் சாட்டுச் சொல்லாமல், அந்த ஆண்டு முழுவதும் தபால் நேரந் தவறாது கராச்சியை அடைந்திருக்கிறது. சிவில் விமானப் பகுதியினரே தம் அறிக்கையில் அதனைக் குறிப்பிட்டு, தபால் சேவை எப்படி நடத்தப்படவேண்டும் என்பதற்கு இக்கம்பனியை உதாரணமாகக் காட்டினர். உதவிப் பணம் கொடுக்க மறுத்தவர்களின் வாயிலிருந்து வந்த புகழ்ச்சி அது.

அதன்பின் வளர்ச்சி படிப்படியாக வந்தது. 1935இல் கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரத்துக்கும், 1937இற் பம்பாயிலிருந்து டெல்லிக்கும் விமானங்கள் சென்றன. புஸ் மொத் போய்ப் பெரிய விமானங்கள் வந்தன. 1938 இக்கம்பனியின் வாழ்விலே திருப்பம் உண்டாக்கிய ஆண்டு. பேரரசின் நாடுகளுக்கிடையே செல்லும் கடிதங்கள் யாவும் மேலதிகக் கட்டணமின்றி விமானத்திலேயே செல்லவேண்டும் என்ற திட்டம் அவ்வாண்டு இந்தியாவுக்கும் விரிந்தது. ஒருகாலத்தில் வசதிபடைத்தோர் மட்டும் ஒட்டிய விமான முத்திரைக்கு இனி அவசியமில்லை. ஏழை மாணவனின் கடிதமும் ஆகாயத்தில் ஏறிற்று. கராச்சியிலிருந்து தென்கோடி வரை இத்தபாலைச் சுமக்கும் பொறுப்பு டாட்டா கம்பனிக்கு வந்தது. தென்கோடி என்பது சென்னையோடு நிற்கவில்லை. திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புக்கும் நீண்டது. அமைக்கப்பட்டு அதிக காலமாகாத இரத்மலானை விமானத் தளத்தில் அவர்களுடைய தபால் விமானம் 1938 பெப்ரவரியில் வந்திறங்கியது. தொடக்கத்திலே நாம் சொன்ன பெற்றோரின் ஒன்றரை மாதக் காத்திருப்பு இப்படித்தான் இரண்டு மூன்று வாரமாகக் குறுகியது.

மறு ஆண்டு யுத்தம் மூண்டது. விமானங்களும் வழிகளும் படையின் தேவைக்கு உட்பட்டன. பூனாவிலே விமானங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நிறுவவேண்டும் என்று டாட்டாவும் வின்சென்றும் முயன்றனர். அது விஷயமாக இங்கிலாந்துக்குச் சென்ற வின்சென்ற், 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விரைந்து திரும்பும் நோக்கத்தோடு படை விமானமொன்றில் இடம்பெற்று ஏறினார். பிரான்சின் கரைக்கு அப்பால் அவ்விமானம் எதிரியாற் சுட்டு வீழ்த்தப்பட்டது. நாற்பது வயதளவில் அவர் மறைந்தார். இக்கம்பனிக்கு மூளை வின்சென்ற் என்றும், அவரே இந்திய விமானப் போக்குவரத்தைத் தொடக்கியவர்களில் ஒருவர் என்றும் டாட்டா தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். ஆயினும் இன்று அந்தப் பெயரை அறிந்தவர் சிலரே. பணம் கொடுத்தவரின் பெயர் நிலைப்பதும், யோசனை கொண்டுவந்தவரின் பெயர் தேய்வதும் உலகத்தில் புதிதல்ல. இங்கே பணம் கொடுத்தவரே அதற்காக வருந்தினார் என்பதுதான் புதிது.

யுத்தம் முடிந்ததும் 1946 யூலை 29ஆந் திகதி கம்பனி பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடிய ஸ்தாபனமாக மாறிற்று. புதிய பெயர் எது என்று டாட்டா அலுவலகத்திலேயே வாக்கெடுத்தார்கள். ‘எயர் இந்தியா’ வென்றது. இரண்டாண்டு கழித்து, அரசாங்கத்தின் பங்கோடு அமைந்த கிளைக் கம்பனியின் ‘மலபார் இளவரசி’ என்னும் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் பறந்தது. பாலைவனத்து வாய்க்கால் சமுத்திரத்தை எட்டிவிட்டது.

ஆனால் உள்நாட்டிலே நிலைமை வேறாயிருந்தது. யுத்தத்திலே மிஞ்சிய ‘டகோட்டா’ விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. கேட்டவர்க்கெல்லாம் அரசாங்கம் அனுமதி வழங்கிற்று. இருக்கிற பிரயாணிகளுக்கு இத்தனை கம்பனிகள் வேண்டாமென்று டாட்டா எச்சரித்தார், கேட்பாரில்லை. சில ஆண்டுகளிற் பல கம்பனிகள் நட்டத்தில் மூழ்கின. பின்னர் அந்த நட்டத்தையும் ஒரு காரணமாகக் காட்டி, 1953 ஓகஸ்ட் 1ஆந் திகதி அரசாங்கம் எல்லாவற்றையும் தன்வசமாக்கிக்கொண்டது. எட்டு உள்நாட்டுக் கம்பனிகள் ஒன்றாயின. அவற்றுள் கராச்சித் தபால் மூட்டையிலிருந்து வளர்ந்த எயர் இந்தியாவும் ஒன்று. ஏழைகள் மிகுந்த நாட்டிலே போக்குவரத்து மக்களுடைமையாக இருக்கவேண்டும் என்ற கொள்கையை நாம் இகழமாட்டோம். இலாபம் தராத சிற்றூருக்கு விமானம் விட அரசாங்கத்தால் மட்டுமே முடியும் என்பதும் உண்மை. ஆனால் தானே பெருக்கிவிட்ட நோய்க்கு, நோயில்லாதவனுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பது முறையாகுமா? தம்மைக் கலந்து பேசாமலே முடிவு செய்யப்பட்டதென்பதே டாட்டாவின் ஆறாத மனக்குறை.

கோபித்துக்கொண்டு விலகிப் போகாமல், வெளிநாட்டுச் சேவை நடத்தும் அரசாங்க நிறுவனத்துக்குத் தலைவராயிருக்கும்படி நேரு கேட்டபொழுது டாட்டா இணங்கினார். ஊதியம் பெறாமல் இருபத்தைந்து ஆண்டுகள் அப்பதவியிலிருந்தார். கொழும்புவாசிகளும் நன்கறிந்த அந்த மீசைக்கார மகாராஜா உலகமெங்கும் புகழ்பெற்ற காலம் அது. விமானத்திற் பிரயாணம் செய்யும்போது திரைச் சீலையின் நிறம், தேநீரின் சுவை, பணியாளரின் தலைவாரல் வரை குறித்துக்கொண்டு வந்து அலுவலகத்துக்குக் குறிப்பு எழுதுவார் என்பர். 1978 பெப்ரவரியில் மொறார்ஜி தேசாய் அரசாங்கம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1993இல் ஜெனீவாவிற் காலமானார்.

அரசாங்கக் கையிலே பின்னாளிற் பெருங்கடனில் வீழ்ந்த எயர் இந்தியா, 2022 சனவரி 27ஆந் திகதி மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. இரண்டு விமானத்தோடு தொடங்கியவர்கள் 2023இல் 470 விமானங்களுக்குக் கட்டளை கொடுப்பதாக அறிவித்தனர். 2025 யூன் 12ஆந் திகதி அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட அவர்களுடைய விமானம் எழுந்த சில கணத்தில் வீழ்ந்து, உள்ளேயிருந்த 242 பேரில் ஒருவரே உயிர்தப்பினார். மாட்டு வண்டியிற் பெற்றோல் வந்த அதே அகமதாபாத்.

முதற் பிரயாணத்தைப் பற்றி இன்னுமொரு செய்தி உண்டு. அது நடந்து முப்பதாண்டு நிறைந்த 1962இல் டாட்டா அதே வழியிற் சிறு விமானத்தை மீண்டும் ஓட்டினார். ஐம்பதாண்டு நிறைந்த 1982 ஒக்டோபர் 15ஆந் திகதியும் ஓட்டினார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தெட்டு. எயர் இந்தியாவின் தலைவர் பதவி அவரிடம் இல்லை. அக்காலத்து ‘லெப்பர்ட் மொத்’ விமானம் ஒன்றைத் தேடிப் பழுதுபார்த்து, கராச்சியிலிருந்து தனியாக ஏறிப் புறப்பட்டார். வயதையும் உடல்நிலையையும் எண்ணி அஞ்சியவர்கள் பலர். இளைஞரிடையே வேலையிலுள்ள மகிழ்ச்சி குறைந்துவருவதாகத் தமக்குத் தோன்றுகிறதென்றும், அதனை அவர்களுக்கு நினைவூட்டவே பறப்பதாகவும் அவர் சொன்னார். அகமதாபாத்தில் இறங்கிப் பெற்றோல் நிரப்பிக்கொண்டு, பிற்பகலிலே ஜுஹுவில் வந்து இறங்கினார்.